நூற்று இருபது மீற்றர்

குலை வெட்டிய மறுநாள்
மரத்தை யாரும் பார்ப்பதில்லை.
நீர்வேலியில் இதரையோ கதலியோ,
சந்தைக்குப் போனது காசு,
நின்றது குப்பை.
வரம்பில் போட்டால் அழுகும்,
வாய்க்காலில் போட்டால் தண்ணீரை மறிக்கும்,
ஒழுங்கைக்கரையில் போட்டால்
பிரதேச சபைக்கு முறைப்பாடு வரும்.

முறைப்பாடுகள் வருவது என் மேசைக்கு.
ஒரே கிழமையில் இரண்டு:
வாழைக்குத்திகள் நாறுகின்றன என்று ஒன்று.
அதே ஒழுங்கையில்
போன வருடம் போட்ட தார் கிளம்பிவிட்டது என்று மற்றது.
இரண்டையும் ஒரே கோப்பில் செருகினேன்.
சோம்பலில்தான்.
வேறு ஞானம் ஒன்றுமில்லை.

மடலைப் பிரித்து, தகட்டால் வழித்து,
நாராக்கி உலர்த்தி
நகத்தளவு நறுக்க வேண்டும்.
ஆயிரம் கிலோ கலவைக்கு மூன்று கிலோ.
கல்லிடுக்கால் தார் வழிந்து இறங்காமல்
பிடித்துவைக்கும் என்கிறது கணக்கு.
"மூண்டு கிலோவோ?" என்று சிரித்தார்
றோலர் ஓட்டும் பத்திநாதர்.
"கறிவேப்பிலை போடுற மாதிரியோ, மிஸ்?"

மரம் தந்தவர் குகனேசன்.
காசைக் கையில் வைத்து இருமுறை எண்ணினார்.
"இவ்வளவு நாளும்
நான் காசு குடுத்து ஏத்தினதை
நீங்கள் காசு தந்து ஏத்துறியள்.
இதில ஏதோ சுழிப்பு இருக்கு."
இல்லை என்றேன்.
நம்பவில்லை. காசை மட்டும் மடித்தார்.

சபை வளவில் படங்கு விரித்துக் காயப்போட்டோம்.
முதல் நாள் காய்ந்ததை
இரண்டாம் நாள் மாடு தின்றது.
இழப்பு, நாலு கிலோ, மாடு என்று பதிந்தேன்.
மாட்டின் உரிமையாளர் பெயர் என்ன என்று
கணக்குப் பகுதியிலிருந்து கடிதம் வந்தது.
இன்னும் பதில் எழுதவில்லை.

நார் வழித்த நிரோசாவின்
வெள்ளைச் சட்டையில் கயர் பிடித்தது.
தேசிக்காய், சவர்க்காரம், மூன்று நாள் வெயில்,
ஒன்றுக்கும் அசையவில்லை.
"போகாத கறை எண்டா
றோட்டும் போகாது" என்றாள்.
ஆய்வுகூடம் பன்னிரண்டு பக்கத்தில் சொன்னதும்
ஏறக்குறைய இதுதான்.

பூவோடு சேர்ந்த நார் மணக்கும் என்பார்கள்.
இது தாரோடு சேர்ந்த நார்.
நூற்றறுபது பாகைக் கொதியில் விழுந்து
கறுத்து, காணாமல் போய்,
எரிந்த மண்ணெண்ணெயாய் மணத்தது.
குலையை அக்கரையில்
வாழைத்தார் என்பார்களாம்.
அன்று பின்னேரம் எங்கள் ஒழுங்கையிலும்
ஒரு வாழைத் தார்,
கறுப்பாய், நீட்டுக்கு,
ஆவி பறக்க.

கார்த்திகையில் ஒன்பது நாள் விடாமல் பெய்தது.
பத்தாம் நாள் நாடாவும் குடையுமாகப் போனேன்.
நார் போடாத பழைய பக்கத்தில்
குழிகளை எண்ணுவதை ஏழோடு நிறுத்தினேன்.
புதியதில் ஒன்றே ஒன்று:
எழுபத்தோராவது மீற்றரில்
சாப்பாட்டுக் கோப்பை அகலத்தில்,
வானம் தெரிய.

எனக்குத் தெரியும் அந்த இடம்.
அன்று மேகம் இருட்டியது,
லொறி ஆறிக்கொண்டிருந்தது,
கடைசிக் கட்டு நார் கைக்கு ஈரமாயிருந்தது.
போடுங்கோ என்றேன்.
கலவைக்குள் அது சீறியது கேட்டது.
பத்திநாதர் என்னைப் பார்த்தார்.
நான் மேகத்தைப் பார்த்தேன்.

தலைமையகத்துக்கு எழுதினேன்:
ஒரு குழி. காரணம், ஈர நார். பொறுப்பு, நான்.
ஒரு ஒழுங்கையை வைத்து
முடிவுக்கு வர இயலாது என்று பதில் வந்தது.
சரிதான். ஒரு மாரியை வைத்தும் இயலாது.

நேற்று குகனேசன் தொலைபேசியில்:
"நாப்பது மரம் நிக்குது.
போன விலைக்குத் தரேலாது.
மழை விட்டாப்பிறகு வாங்கோ."
வைக்கப் போனவர் பிறகும்,
"இந்தமுறை காயவிடுங்கோ, பிள்ளை" என்றார்.

ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது.
பள்ளிக்கூடச் சைக்கிள்கள்கூட
எழுபதில் மணியடித்து,
எழுபத்தொன்றில் விலகி,
எழுபத்திரண்டில் திரும்ப
நடுவுக்கு வருகின்றன.